விடாப்பிடி பிரிண்டர்

புது ரவுட்டர் வந்ததிலிருந்து பிரிண்டர் மக்கர் பண்ணியது. வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ். பிரிண்டர் படுத்தால் பிழைப்பே படுத்துவிடும். கூட்டாளியான தம்பியோ முதுகு வலியென்று லீவு. அக்கா சர்வீஸ்காரரை வரவழைத்தாள்.

"பிரிண்டர் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இன்னும் பழைய ரவுட்டரோடயே ஒட்டிக்கிட்டிருக்கு."

"அது புகைஞ்சு போச்சுன்னு என் தம்பி தூக்கிப் போட்டுட்டானேப்பா!"

"செத்த ரவுட்டர் சிக்னல் கொடுக்குமா? பக்கத்துலதான் எங்கயோ ஓடுது. பழைய பாஸ்வேர்டு சொல்லுங்க."

சொன்னாள். சின்ன வயதில் தம்பியை அவள் கொஞ்சிய பெயர். சர்வீஸ்காரரின் ஃபோன் உடனே ஒட்டிக்கொண்டது.

அதை வாங்கிக்கொண்டு சிக்னல் கூடும் பக்கமாக நடந்தாள். மாடிப்படியில் ஒரு கோடு கூடியது. மேல்மாடியில், காலியாகக் கிடந்த அறையின் வாசலில் எல்லாக் கோடுகளும் நிறைந்தன.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, அவளிடம் வழக்கமாக வரும் பில்டர் உட்கார்ந்திருந்தார்.

"அக்காவால முன்ன மாதிரி முடியல சார். இனிமே நேரா இங்கயே வந்துடுங்க."

தெரிந்த குரல். தன் ஃபோனில் தம்பியை அழைத்தாள். கதவுக்குப் பின்னால் மணி அடித்தது.

"வீட்லதான் படுத்திருக்கேன்க்கா, எழுந்திருக்கவே முடியல. பிரிண்டர் சரியாச்சா?"

"ஆயிடும்டா."

கீழே இறங்கி வந்தாள்.

"பழைய ரவுட்டர் கிடைச்சுதாம்மா?"

"இல்லப்பா. என் தம்பி சொன்னது சரிதான், அது செத்துப் போச்சு. பிரிண்டரைப் புதுசோட சேர்த்துடு. பாஸ்வேர்டுக்கு யார் பேரும் வேண்டாம், வெறும் நம்பரே போடு."