ஊக்கத்தொகைக்கான காரணம்

“அதாம்மா நானும் சொல்றேன். மொத்தமா ஒரே தொகையாப் போட்டுடுங்க. பிரிச்சுப் பிரிச்சு எழுத நாம என்ன மளிகைக்கடையா நடத்துறோம்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

அரசு மருத்துவமனையின் தலைமை நிர்வாகி, இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் அறைக்கு இறங்கி வருவது இதுவே முதல் முறை. சலவைக்கூடத்தை ஒட்டிய அறை அது. அங்கே லிப்ட் வராது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கை விரிப்புகள் நாள் முழுக்கச் சுழன்றுகொண்டிருக்கும். மேஜையில் கை வைத்தால், ஏதோ பெரிய மிருகம் தூக்கத்தில் மூச்சு விடுவது தெரியும்.

கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. வரும்போதே அவர் சாத்திவிட்டுத்தான் வந்திருந்தார்.

புதுச் சட்டம். பொது மருத்துவமனைகளில் மேலே இருப்பவர்கள் என்ன வாங்குகிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள் என்பதை ஊருக்கே தெரியும்படி போட வேண்டும். இன்று மாலைக்குள்.

திரையில் எல்லாம் தயாராக இருந்தது. சம்பளம். வீடு. கார். அதற்குக் கீழே ஊக்கத்தொகை. மற்ற மூன்றும் சேர்ந்து எம்பிக் குதித்தாலும் அதன் முழங்காலைக்கூடத் தொட முடியாது.

பக்கத்தில் காரணம்: ‘அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தமைக்காக.’

“எவ்வளவுன்னு தாராளமாப் போடுங்க. வயிறு எரியறவன் எரிஞ்சுட்டுப் போகட்டும். எதுக்குன்னுதான் வேணாம். எதுக்குன்னு பாத்தா, எப்படின்னு கேப்பாங்க.”

அதுதான் அவளுக்குப் புரியவில்லை. மார்தட்டிக்கொள்ள வேண்டிய விஷயம் அல்லவா அது? பட்டியல் பாதியாகக் குறைந்த செய்தியை இணையதளத்தில் ஏற்றியதே அவள்தான். கேக் வெட்டிய படங்களில், அவர் கண்மூடாமல் இருந்த ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டதும் அவள்தான்.

“சார், சட்டத்துல காரணமும் கேட்டிருக்காங்க. விட்டுட்டா நாளைக்கு என் தலையிலதான் விடியும்.”

“உங்க தலைக்கு நான் குடை பிடிக்கிறேம்மா.” குரலில் தேன் ஒழுகியது. “அது கெடக்கட்டும். அப்பா எப்படி இருக்காரு?”

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் சட்டென்று நின்றது.

அப்பாவைப் பற்றி அவள் இங்கே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. மகள் வேலை பார்க்கும் இடத்தில் சலுகை கேட்கக் கூடாது என்று அவருக்கு ஒரே பிடிவாதம். இதய வால்வு பழுது. எல்லாரையும்போல வரிசையில் நின்று, தன் போன் நம்பரையே கொடுத்துப் பதிந்துவிட்டு, போன மழைக்காலத்திலிருந்து காத்திருக்கிறார். இப்போதெல்லாம் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார். “நம்மளைவிட முடியாதவங்க முன்னாடி இருப்பாங்கடா” என்று அவளுக்கு அவர்தான் சமாதானம் சொல்வார்.

“இருக்காரு சார். கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கோம்.”

“காத்துக்கிட்டிருக்கீங்களா?” அவர் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம். “அப்ப உங்களுக்குத் தெரியாதா? பட்டியல்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் போன் பண்ணி, இன்னும் ஆபரேஷன் வேணுமான்னு கேக்குறோம்ல. ரெண்டு தடவை அடிச்சும் எடுக்கலைன்னா, வேணாம்னு அர்த்தம். பேரை எடுத்துடுவாங்க. அப்பா எடுக்கலையே.”

மருத்துவமனையிலிருந்து போகும் அழைப்பில் எண் தெரியாது.

எண் தெரியாத அழைப்பை எடுக்காதீங்க, எல்லாம் பணம் பிடுங்கும் கும்பல் என்று அப்பாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் அவள். ஒரே ஒரு தடவை அப்படி ஒன்று வந்தது. அடித்து ஓயும்வரை போனையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, “பாத்தியா, நான் ஏமாறலை” என்று சின்னப் பிள்ளையாட்டம் பீற்றிக்கொண்டார் அப்பா.

அவள் திரையைப் பார்த்தாள். குறைத்தமைக்காக. அந்த ஒற்றைச் சொல்லுக்குள், விளக்கணைத்த கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள் நிற்பது இப்போது தெரிந்தது. சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டபடி அப்பாவும் நின்றார்.

அத்தனை பேரும் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“பதறாதீங்கம்மா. திரும்பச் சேக்கச் சொல்லிட்டேன். வியாழக்கிழமை காலையில மொத ஆளே அப்பாதான்.”

ஒரு கணம், வெட்கத்தை விட்டு, அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது அவளுக்கு. அப்பா படி ஏறுவார். அப்பா சட்டையை முழுசாகப் போட்டுக்கொள்வார்.

அப்புறம்தான் உறைத்தது. வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்கூட இல்லை. அவ்வளவு பக்கத்தில் ஓர் இடம் சும்மா காலியாகக் கிடக்காது.

“அந்த எடம் யாரோடது சார்?”

அவர் எழுந்தார். கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். திரையில் அந்த வரிமேல் விரலால் மெல்லத் தட்டினார், தூசியைத் துடைக்கிறவர் மாதிரி.

“யாரோ ஒரு அம்மா. காலையில ஒரு தடவை அடிச்சிருக்காங்க, எடுக்கலை. வழக்கம்போல ரெண்டாவது தடவையும் அடிச்சதா எழுதிக்குவாங்க. நீங்க இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்கம்மா. எடுத்துடுவீங்கல்ல?”