பதினான்கு நான்கானது

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் டைப்பிஸ்ட் ஜெசிந்தா பென் டிரைவைச் செருகிக்கொண்டிருந்தாள். நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் டைப்பிங் கடை. மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. எதிர் வராந்தாவில் மனு வாங்கும் ஜன்னல். ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள்.

மணி பன்னிரண்டு நாற்பது.

அவள் வந்தது தன் வேலைக்கு. தொலைந்துபோன டிகிரி சான்றிதழுக்காக ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். வரிசையில் இரண்டாவது ஆள்.

முதல் ஆள் முப்பிடாதி. பேருந்து நிலையத்துக்கு வெளியே இட்லிக் கடை வைத்திருக்கிறாள். நாளை காலை கடையை இடிக்க வருகிறார்கள். தடை உத்தரவு கேட்டு மனு.

போன வாரமே ஒரு தடவை கொடுத்த மனுதான். வேறு கடையில் எண்களைக் கையால் அடித்தது. ‘9-ஆம் பத்தியில் கூறியபடி’ என்று ஓரிடத்தில் இருந்தது. ஒன்பதாம் பத்தியில் வேறு எதுவோ இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்று எல்லாம் தயார் என்ற நேரத்தில் வக்கீல் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். பென் டிரைவில் அவர் கொண்டுவந்த இன்னொரு வழக்கின் மனுவிலிருந்து ஒரு பத்தியை எடுத்து மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே சேர்க்க வேண்டுமாம். அது இல்லாவிட்டால் மனு நிற்காதாம்.

அங்கே அது பதினான்காம் பத்தி. அதற்குள் (அ), (ஆ) என்று இரண்டு உட்பிரிவு வேறு.

தன் முறைக்குக் காத்திருந்த அவள் கண் திரையை விட்டு நகரவில்லை.

ஜெசிந்தா தட்டிக்கொண்டிருந்தது அவள் செய்த மென்பொருளில்.

முழுதும் இல்லை. பெரும்பாலும் மற்றவர்கள் செய்தது. ஒரு பத்தியின் ஸ்டைலும் அதன் எண்ணும் எங்கே சேர்ந்து போக வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்பது மட்டும் அவளுடையது.

பதினொரு மாத வேலை.

அம்மாவிடம் விளக்கிப் பார்த்தாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு போடுததுக்கா சம்பளம் தாராங்க?”

அவளுடைய விதி சின்னது. எழுத்தின் அளவு, ஓரம், இடைவெளி எல்லாம் பத்தியோடு வரட்டும். எண் வர வேண்டாம். எண் பத்திக்குச் சொந்தம் இல்லை, அது நிற்கும் வரிசைக்குச் சொந்தம். எண் மாறினால் அதைச் சுட்டும் வரிகளும் கூடவே மாறட்டும்.

வந்த இடத்தில் வரிசையில் நில். அவ்வளவுதான்.

கைப்பையில் செல்போன் அதிர்ந்தது. காலையிலிருந்து அவள் பதில் போடாமல் வைத்திருக்கும் செய்திக்கு நினைவூட்டல். குழுத் தலைவர் ரிஸ்வான்.

‘ஒட்டும்போது பழைய நம்பரா புது நம்பரான்னு ஒரு பெட்டி திறந்து யூசர்கிட்டயே கேட்டுடலாம். நமக்கும் வம்பில்ல. உன் ரூலை எடுத்துடறேன். அது வேணும்னு இதுவரைக்கும் ஒருத்தராவது கேட்டிருக்காங்களா? மதியத்துக்குள்ள சொல்லு.’

யாரும் கேட்டதில்லை. உண்மைதான். அதனால்தான் காலையிலிருந்து அவளால் பதில் போட முடியவில்லை.

ஜெசிந்தா மூன்றாம் பத்தியின் முடிவில் கர்சரை வைத்தாள்.

உட்பிரிவோடு வரும் பத்தியை அவள் தன் அலுவலகத்தில் நாற்பது முறை சோதித்திருக்கிறாள். ஏசி அறையில், காபி குடித்துக்கொண்டே. இடிபடப்போகும் ஒரு கடைக்காக ஒரு முறைகூட இல்லை.

முப்பிடாதி திரையைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா ஒட்டினாள்.

பதினான்கு, நான்கானது.

(அ), (ஆ) அதன் கீழே சமர்த்தாக உட்கார்ந்தன. பழைய நான்கு ஐந்தாகி, ஐந்து ஆறாகி, கடைசி வரை எல்லாம் ஆளுக்கு ஓர் இடம் தள்ளி நின்றன.

அவள் இன்னும் மூச்சு விடவில்லை. ஐந்தாம் பக்கம் பாக்கி இருந்தது. அங்கே ஒரு வரி, ‘7-ஆம் பத்தியில் கண்ட உரிமம்’. போன வாரம் மனுவைக் கவிழ்த்தது இப்படி ஒரு வரிதான்.

ஜெசிந்தா பக்கத்தை உருட்டினாள்.

‘8-ஆம் பத்தியில் கண்ட உரிமம்.’

வக்கீல் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, நம்பர்லாம் ஒவ்வொண்ணா சரிபாத்துட்டியா?”

“அது தானா வந்துரும் சார்.” ஜெசிந்தா தலையை நிமிர்த்தவில்லை. அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

தானா.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதினொரு மாதத்துக்கு இதைவிட நல்ல பேரை யாரும் வைத்ததில்லை. அந்தத் தானா நான்தான் என்று கடை அதிரச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் ஜெசிந்தா ஒரு மாதிரி பார்ப்பாள்.

முப்பிடாதி சூடு ஆறாத தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

ஜன்னலுக்குள் ஒரு கை பக்கங்களைப் புரட்டியது. ஐந்தாம் பக்கத்தில் நின்றது. பின்னால் போய் எதையோ தேடியது. விரல் ஒரு வரியில் ஊன்றி நின்றது.

முத்திரை விழுந்த சத்தம் கடை வரை கேட்டது.

அவள் மூச்சு விட்டாள். செல்போனை எடுத்தாள்.

‘யாரும் கேட்கல. கேட்க வேண்டி வரல. பெட்டி வேண்டாம்.’

அனுப்பினாள்.

“அடுத்து யாரு?” ஜெசிந்தா புதிய கோப்பைத் திறந்தாள். “பேரு, வயசு சொல்லுங்கக்கா. என்ன வேல பாக்கீங்க?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் திரையில், முதல் பத்திக்கு முன்னால், 1 வந்து நின்றது.

யாரும் கூப்பிடவில்லை.