எட்டாம் எண் காலணி

மார்ச் முதல் தேதியிலிருந்து, கடைவீதியிலுள்ள செருப்புக் கடையின் முன்பாதி பார்சல் நிலையமாக இயங்குகிறது. பின்பாதியில் இன்னும் செருப்புகள் இருக்கின்றன. அந்த இடத்தையும் கொடுப்பதா வேண்டாமா என்று கடைக்காரர் இன்று ஐந்து மணிக்குள் பார்சல் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். எதிர்வரிசையில் மூடிக்கிடக்கும் ஷட்டர்களில் பட்டுத் திரும்பும் வெயில் தரையில் கிடக்கிறது. ஒரு பெண் தன் பார்சலை வாங்கி அங்கேயே பிரித்து, பழுப்புநிறக் காலணிக்குள் காலை நுழைத்து முகம் சுளிக்கிறாள். பழக்க தோஷத்தில் கடைக்காரர் மண்டியிட்டு நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்.

"ஏழாம் நம்பர் கடிக்கும்மா. உங்களுக்குப் பாதம் அகலம்."

உள்ளேயிருந்து அதே காலணியில் எட்டாம் எண்ணை எடுத்துவந்து மாட்டிவிடுகிறார். அவள் நாலடி நடக்கிறாள். புதுத் தோல் கீச்சிடுகிறது. பார்சல் மேசையருகே கடைக்காரரின் மனைவி நிமிர்ந்து பார்க்கிறாள்.

"அப்படியே பொருந்துதுண்ணே! எட்டே ஆர்டர் போட்டுடறேன். இங்கதானே வரும்?"

"இதோ கையிலயே இருக்கே, எடுத்துக்கலாமே?" என்கிறாள் மனைவி.

"போன்லயே வாங்கிப் பழகிடுச்சுக்கா. இந்த ஏழாம் நம்பரை நீங்களே திருப்பி அனுப்பிடுங்க."

எட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவள் சிரித்தபடி போகிறாள். கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. ஒரு வாடிக்கை கிடைத்ததா, கைநழுவியதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"இன்னும் யார் காலைப் பிடிச்சிட்டிருக்கீங்க? அவ போயாச்சு."

"மறுபடி வர்றேன்னாளே."

"வருவா, பார்சல் வாங்க."

நாலே முக்காலுக்கு அவர் கம்பெனிக்குப் போன் செய்து, பின்பாதியையும் கொடுப்பதாகச் சொல்கிறார்.