கணுவில் கட்டிய டப்பா

எந்த இடத்தில் வைத்தால் காகிதம் விழாது என்று ராஜப்ரியா கேட்டாள்.

பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகம். மேசைமேல் சுரமானி, மரப்பெட்டிமேல் இழுத்துக் கட்டிய கம்பி. இசைக்கவையைத் தட்டி அதன் பெட்டியில் வைத்தால், கம்பி அதிர்ந்து, மேலே மடித்து வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். எல்லோரும் விழுவதைத்தான் பார்ப்பார்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சேரம்பாடிப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆறு வருடத்தில், பரீட்சைக்கு வருமா என்பதைத் தவிர யாரும் எதையும் கேட்டதில்லை. அதுவும், அம்மாவை யானை அடித்துக் கொன்று பதினெட்டு நாளே ஆன பெண் கேட்கிறாள்.

சாக்பீஸை எடுத்து, இரண்டு முனையும் கட்டிய ஒரு கயிற்றை வரைந்தேன்.

போகிற அலையும் முனையில் முட்டித் திரும்புகிற அலையும் சேர்ந்தால், அலை ஓடாமல் நின்ற இடத்திலேயே ஆடும். நிலை அலை. சில இடங்கள் பேயாட்டம் ஆடும். சில இடங்கள் அசையவே அசையாது. தேயிலையைக் கவாத்து வெட்டும்போது நீங்கள் சொல்வீர்களே, அதே பெயர்தான், கணு. கணுவில் வைத்த காகிதம் சிவனே என்று உட்கார்ந்திருக்கும் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

“கயிறு ரெண்டா பிரிஞ்சு ஆடுனா நடுவுல கணுதானுங்களே சார்? அங்க டப்பா கட்டியிருந்தா அடிக்காதுதானுங்களே?”

சிரிப்பு சட்டென்று நின்றது.

அவர்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால், யானை வரும் வழியில் கயிறு கட்டி, கல் போட்ட பெயிண்ட் டப்பாவைத் தொங்கவிட்டவள் ராஜப்ரியாதான். டப்பா அடித்தால் உள்ளே இருப்பவர் கத்த வேண்டும், குழாயடியில் நிற்பவர் ஓடிவர வேண்டும். அதுதான் ஏற்பாடு. அன்று விடிகாலை தண்ணீர் பிடிக்கப் போன அவள் அம்மா அம்சவேணி, குடத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தார்.

டப்பா அடிக்கவே இல்லையாம். பெண் கட்டிய லட்சணம் அப்படி என்று லைன் முழுக்கப் பேச்சு.

இந்தப் பழியைத்தான் இவள் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டு திரிகிறாளா?

“இல்லம்மா. நிலை அலை வேணும்னா விடாம ஒரே சீரா ஆட்டணும். யானை அப்படியா ஆட்டும்? ஒரே இழுப்பு. நீ எங்க கட்டியிருந்தாலும் டப்பா அடிச்சிருக்கும். அடிக்கலன்னா, யானை கயித்தத் தொடவே இல்லன்னு அர்த்தம். உன் மேல தப்பே இல்ல.”

பாவம், இதையாவது நம்மால் சொல்ல முடிந்ததே என்று நிம்மதியாக இருந்தது.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் கரும்பலகை முன்னாலேயே நின்றாள்.

“எங்க கட்டுனாலும் அடிச்சிருக்கும்னு அப்பாகிட்ட சொல்லிறாதீங்க சார்,” என்றாள். “டப்பா அடிச்சுதுங்க. காத்துன்னு நெனச்சுப் போத்திட்டுப் படுத்துட்டேன்.”