நத்தை முதுகுப் பவளம்

வீட்டுக் கடல்மீன் தொட்டியிலிருந்த மென்பவளத்தில் ஒரு துண்டை வெட்டி, ஒட்டி வளரட்டும் என்று பூத்தொடுக்கும் வாழைநாரால் கல்லில் கட்டித் தொட்டிக்குள்ளேயே வைத்தாள் அமிர்தவல்லி. புதுத் தொட்டி வாங்கியிருந்த சம்பந்தியம்மாவுக்குத் தருவதாகச் சொன்ன துண்டு. நான்காம் நாள் வெறும் கல்தான் கிடந்தது.

"உப்புத்தண்ணியில நார் அழுகாதா?" என்றார் கணவர் தாமோதரன்.

"பூ மாதிரி இருந்துச்சா, கை தானா நாரைத் தேடிருச்சுங்க."

பத்தாம் நாள் சம்பந்தியம்மா வாளியோடு வந்து நின்றாள். "எங்க என் பவளம்?"

அமிர்தவல்லி வாய் திறக்குமுன், பாசி தின்னும் நத்தை கண்ணாடியில் ஏறி வந்தது. அதன் முதுகில், விரல்களை விரித்தபடி பவளம்.

"ஒட்டிக்கிச்சே! பிச்சா பவளம் கிழிஞ்சிருமே சம்பந்தி."

"ஏன் பிக்கணும்? நத்தையோட குடுங்க."

"அப்ப கண்ணாடியில பாசிய யாரு தேய்க்கிறது?" என்றார் தாமோதரன்.

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.