கழிப்பறை வாசலில் யார் பெயர்?

“வகுப்பறை கேளுங்க டீச்சர், கட்டித் தரேன். கழிப்பறை வாசல்ல எங்கப்பா பேரைப் போடச் சொல்றீங்களா?” என்று சிரித்தார் ஜவுளிக்கடை முதலாளி.

“பேரே வேண்டாம் சார். கழிப்பறை இல்லாம எங்க பள்ளிக்கூடத்துல இந்த வருஷம் ஏழு பொண்ணுங்க படிப்பை நிறுத்திட்டாங்க.”

“பேர் வராத தர்மம் எதுக்கு? போயிட்டு வாங்க.”

பக்கத்து மேசையில் பில் எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி, ஒரு காசோலையில் கையெழுத்துப் போட்டு டீச்சரிடம் நீட்டினாள்.

“உனக்கென்ன பைத்தியமா? நீ போட்டா அது செல்லுமா?”

“செல்லும். வரியை மிச்சம் பிடிக்கக் கடையை என் பேருக்கு மாத்தினதே நீங்கதானே?”

அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“வாசல்ல இவர் பேரையே போடுங்க டீச்சர். எங்க மாமனார் பாவம், நல்ல மனுஷர்.”