முதலாளிக்கு மீசை

முதலாளியின் படத்துக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள். மீசையோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தாடி, கண்ணை மறைக்கும் கண்ணாடி, போதாததற்குத் தலையில் இரண்டு கொம்பு. எல்லாம் சிவப்பில்.

மெத்தை கம்பெனியின் புது இணையதளம் அடுத்த வாரம் வெளியாக வேண்டும். அதுவரை ஆபீஸில் இருக்கிறவர்கள் பிரவுசரில் பக்கத்தைத் திறந்து, தப்பு கண்ட இடத்தில் அதன் மேலேயே வட்டம் போடலாம், அம்புக்குறி இழுக்கலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம். ஒருத்தர் கிறுக்கினால் எல்லார் கம்ப்யூட்டரிலும் தெரியும், கிறுக்கியவர் பேரோடு.

மீசைக்குப் பக்கத்தில் இருந்தது வட்டம் அக்காவின் பேர்.

வட்டம் அக்கா பிழை திருத்துகிறவர். ரிட்டயர் ஆக இன்னும் ஏழு மாதம். முந்தின நாள்தான் டிசைனரின் பக்கங்களில் நாற்பத்து மூன்று வட்டம் போட்டிருந்தார். அதில் ஒன்று, ஒரு முற்றுப்புள்ளி கொஞ்சம் பெரிசாகத் தெரிகிறது என்பதற்காக.

டிசைனர் அன்றைக்குப் பல் பிடுங்கிக்கொண்டு, வீங்கின கன்னத்தோடு பதினொரு மணிக்குத்தான் வந்தான். வரவேற்பு மேசைப் பெண் ஒன்று விடாமல் சொன்னாள். பத்து மணிக்கு முதலாளி 'எங்களைப் பற்றி' பக்கத்தைத் திறந்தாராம். அடுத்த நிமிஷம் அக்காவைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டாராம். கை சும்மா இருக்கவில்லை சார் என்றாராம் அக்கா. வேலையில் இருப்பதா வேண்டாமா என்பதை நாலு மணிக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாராம்.

கேட்டதும் டிசைனருக்குப் பல்வலி பாதி குறைந்துவிட்டது. நாற்பத்து மூன்று வட்டம் போட்ட கைக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கிறுக்கலைத் துடைக்கச் சொல்லி அவனுக்கு உத்தரவு வந்திருந்தது. பக்கத்தின் மேல் மூலையில் ஒரு கண் அடையாளம் உண்டு. அதை அழுத்தினால் அழுத்துகிறவர் திரையில் வரைந்ததெல்லாம் மறைந்து, அடியில் இருக்கும் பக்கம் மட்டும் தெரியும். அழுத்தினான்.

மீசை போனது, தாடி போனது, கொம்பும் போனது. அடியில் சிரித்துக்கொண்டிருந்தது முதலாளி இல்லை. முதலாளியின் அண்ணன்.

அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. அண்ணன் எதிர்சாரியிலேயே மெத்தைக் கடை போட்டுவிட்டார். அன்றிலிருந்து முதலாளி தன் அறையில் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை. இதற்கு முன்னால் இருந்த டிசைனர், தெரியாத்தனமாக ஒரு மூலையில் அண்ணனின் போன் நம்பரை விட்டுவைத்தான். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனவன்தான்.

நம் ஆள் பழைய படங்களின் நடுவிலிருந்து அவசரத்தில் ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறான். நேரே அக்காவின் மேசைக்குப் போனான்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா."

"ஒம்பது தடவ பண்ணினேன். நீ வாயத் தொறந்துகிட்டு படுத்திருந்த."

"அப்ப அந்தப் படத்தயே எடுத்திருக்கலாமே?"

"படத்த மாத்துற உரிமை உனக்குத்தானே இருக்கு. எனக்குக் கிறுக்க மட்டும்தான் குடுத்திருக்காங்க. அவங்க ரெண்டு பேருக்கும் காதும் நெத்தியும் ஒரே அச்சு. மிச்சத்த மறைக்க மீசை பத்தல, தாடி போட்டேன். அதுவும் பத்தல, கண்ணாடி மாட்டினேன்."

"கொம்பு எதுக்குக்கா?"

"அது என்னோட ஆசை."

சத்தமில்லாமல் படத்தை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். வீங்கின வாயை மூடி வைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை என்றும் சொல்லிவிட்டு, அவனுடைய இன்னொரு பக்கத்தில் நாற்பத்து நாலாவது வட்டத்தைப் போட்டார்.

டிசைனர் சரியான படத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டான். ஒரே ஒரு தட்டு. அவன் தப்பித்துவிடுவான். நாலு மணிக்கு அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அவன் வீட்டில் இரண்டு மாதக் கைக்குழந்தை. அக்காவே வாயைத் திறக்காதே என்று சொல்லியாயிற்று. ஆனாலும் விரல் அந்தத் தட்டுக்குப் போகவில்லை. மூன்றரை மணி வரைக்கும் தாக்குப்பிடித்தான். அப்புறம் எழுந்து முதலாளியின் அறைக்கே போய்விட்டான்.

"சார், தப்பு என்னோடது," என்றான் பஞ்சு வைத்த வாயோடு. "படத்த மாத்திப் போட்டவன் நான். அக்கா எனக்காகத்தான் மீசை வரஞ்சாங்க."

முதலாளி தன் கம்ப்யூட்டரை அவன் பக்கம் கொஞ்சம் திருப்பினார். மீசையும் இல்லாமல் கொம்பும் இல்லாமல் அண்ணன் முழுசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கண்ண அழுத்த எனக்கும் தெரியும்," என்றார். "மத்தியானமே அழுத்திட்டேன்."

டிசைனர் பஞ்சைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டான்.

"அந்தம்மாவப் போய் வேலையப் பாக்கச் சொல்லு. கொம்பு மட்டும் அண்ணனுக்குப் போட்டதா, எனக்குப் போட்டதான்னு கேட்டுட்டு வா."

வீங்கின வாய் அப்போது அவனுக்கு உதவியாக இருந்தது. படத்தை இதோ இப்போதே மாற்றிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவுப்பக்கம் திரும்பினான்.

"இப்பவே எதுக்கு?" முதலாளி கம்ப்யூட்டரை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நாளைக்கு மாத்திக்கலாம். இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்."